எங்கள் ஊரைக் கேட்டவர்களும் எங்கள் அக்காவும்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும், அக்காவோடு கம்பெனி பஸ்ஸில் வந்துபோன தோழிகளுக்கும், ஊர்ப் பெரியவர்களுக்கும் தங்கையின் வணக்கம். இப்படிப்பட்ட மலர்களில் எல்லோரும் கண்ணீரோடு எழுதுவார்கள். எனக்குக் கண்ணீர் வருவதற்குள் கோபம் வந்துவிடுகிறது. அச்சகத்துக்காரர் இதைப் படித்துவிட்டு, "இன்னாம்மா, காரியத்துல குடுக்கிற புக்கு, இவ்ளோ காரமா இருக்குது. கொஞ்சம் கம்மி பண்ணலாமா?" என்று கேட்டார். அக்கா உயிரோடு இருந்து கேட்டிருந்தால் கம்மி செய்திருப்பேன்.

அக்கா பிறந்தது இதே ஊரில், இதே தெருவில். அப்பா டேனரியில் தோல் ஊறவைக்கும் தொட்டியில் வேலை செய்தவர். அம்மா கழனி வேலைக்குப் போவார். நாங்கள் இரண்டே பெண்கள். அப்பாவின் கைத் தோல் வெடித்துப் போய் வேலைக்குப் போக முடியாமல் ஆனபோது அக்கா பத்தாவது முடித்திருந்தார். படிப்பை நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அவரே போய் ஷூ கம்பெனியில் சேர்ந்துவிட்டார். ஷூவின் மேல்பகுதியைத் தைக்கும் லைனில் வேலை. அவர் தைத்த ஷூ எந்த நாட்டுக்காரர் காலிலெல்லாம் இருந்ததோ தெரியாது. என்னைப் படிக்கவைத்தது அந்தத் தையல்தான்.

கல்யாணம் ஆலங்காயம் பக்கத்தில் நடந்தது. மாமா நல்லவர். ஆனால் ஆயுசு கெட்டியில்லை. லாரி மோதி அவர் போன பிறகு, அந்த வீட்டில் அக்காவுக்கும் கைக்குழந்தைக்கும் இடமில்லாமல் போனது. பையோடு இந்த ஊர் எல்லையில் இறங்கிய அக்காவை யாரும் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. எதிர் வீட்டுக்காரர் தண்ணீர்க் குடம் கொண்டுவந்து வைத்தார். பஞ்சாயத்தில் சொல்லி, அப்பா வீட்டுக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தில் ஒரு அறை கட்டிக்கொள்ள வழி செய்தார்கள். "ஊரு என்னை வாங்கிக்கிச்சு" என்று அக்கா அடிக்கடி சொல்வார். பின்னால் நடந்ததற்கெல்லாம் காரணம் அந்த ஒரு பேச்சுதான் என்று நினைக்கிறேன்.

அக்கா வார்டு மெம்பர் ஆனது ஒரு விளக்கினால். கம்பெனி பஸ் பெண்களை இறக்கிவிடும் இடம் எங்கள் ஊர் எல்லைக்குச் சற்று அப்பால், பக்கத்து நகராட்சியின் எல்லைக்குள் இருக்கிறது. அங்கே விளக்கு எரியாது. குடித்துவிட்டு நிற்கும் ஆட்கள் மட்டும் தவறாமல் இருப்பார்கள். அக்காவும், பஸ்ஸில் அவர் பக்கத்து சீட்டில் வரும் ஷமீம் அக்காவும் நகராட்சி அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார்கள். ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் ஒவ்வொரு முறையும், "சார் சைட்டுக்குப் போயிருக்காரு, அப்புறம் வாங்க" என்றார். அந்த சார் முகத்தைக் கடைசி வரை அவர்கள் பார்க்கவில்லை.

ஒருநாள் அக்காவுக்குப் பொறுமை போயிற்று. விடிந்ததும் எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுக் கதவைத் தட்டினார். தலைவர் பனியனோடு, வாயில் பிரஷ்ஷோடு வந்து நின்றார். விஷயத்தைக் கேட்டுவிட்டு நுரையோடு தலையாட்டினார். எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு கம்பம் நட்டு, விளக்கை அந்தப் பக்கம் பார்க்கத் திருப்பிக் கட்டினார்கள். எங்கள் கரண்டில் அவர்கள் எல்லைக்கு வெளிச்சம். அடுத்த தேர்தலில் பஸ்ஸில் வரும் பெண்களே அக்காவை நிற்கவைத்தார்கள்.

அந்த நகராட்சிக்குத்தான் இப்போது எங்கள் ஊர் வேண்டுமாம்.

எதற்கு வேண்டும் என்பதை வெளியூர்ச் சொந்தங்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பாலாற்றங்கரையில் தோல் கழிவு இறங்கி நிலத்தடி நீர் கெட்ட கதை வேலூர் ஜில்லாவில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஏரி ஓரத்து போர்வெல்களில் மட்டும் இன்னும் வாயில் வைக்கிற மாதிரி தண்ணீர் வருகிறது. அவர்களுக்கு அந்தத் தண்ணீர் வேண்டும். ஏரிக்கு மேற்கே இருக்கும் மேய்ச்சல் நிலம் குப்பை கொட்ட வேண்டும். இதற்கு வளர்ச்சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் தண்ணீர் அங்கே போய், அவர்கள் குப்பை இங்கே வருவது எந்த ஊர் வளர்ச்சி என்று கேட்டால், "உங்க நல்லதுக்குத்தாம்மா" என்கிறார்கள். இணைந்துவிட்டால் கழனி வேலைக்குப் போகும் பெண்களுக்கு நூறு நாள் வேலை போய்விடும். கிராம சபையும் இருக்காது. கதவைத் தட்டினால் பனியனோடு வந்து நிற்க ஒரு ஆளும் இருக்கமாட்டார்.

ஊரில் எல்லோரும் ஒரே பக்கம் இருந்தார்கள் என்று பொய் எழுத மாட்டேன். எங்கள் தாய்மாமாவுக்கு ரோட்டோரம் நிலம் இருக்கிறது. அவர் ஆரம்பத்திலிருந்தே இணைப்புக்கு ஆதரவு.

"நகராட்சின்னு போர்டு மாட்டிட்டா பிளாட்டு ரேட்டே வேற பாப்பா. நீ இன்னாத்துக்குக் குறுக்கே நிக்கிற?" என்று அக்காவிடம் கேட்டார்.

"நீ வித்துட்டுப் போய்டுவ மாமா. நாங்க எங்க போறது?" என்றார் அக்கா.

"ஊரு எங்கியும் போகாது. பேரு மட்டும்தான் மாறும்."

"கம்பெனில காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் அவன் சொல்றதக் கேக்கறோம். எந்திரிச்சு ஒண்ணுக்குப் போறதுக்கும் சூப்பர்வைசரைக் கேக்கணும். ஊருக்கு வந்தாதான் மாமா நாம சொல்றத நாலு பேர் கேக்கறாங்க. அதையும் தூக்கிக் குடுத்துட்டு வான்னு சொல்றியே."

மாமா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. இன்றுவரை மாற்றிக்கொள்ளவில்லை. இதைப் படித்துவிட்டு என்மேல் கோபப்படுவார். படட்டும். அக்காவைத் தூக்கிக்கொண்டு போனபோது முதலில் தோள் கொடுத்தவரும் அவர்தான்.

பிறகு அதிகாரிகள் கிராம சபைக்கு வந்தார்கள். சுவரில் ஒரு வரைபடம் மாட்டினார்கள். அக்கா கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "எங்க ஊரு எங்க சார் இருக்குது?" என்று கேட்டார். எங்கள் ஊர் இருக்க வேண்டிய இடத்தில் பச்சை அடித்து 'விரிவாக்கப் பகுதி' என்று போட்டிருந்தது. ஊர்ப் பெயரைக் காணோம். தாத்தன் பாட்டன் காலத்து ஊர், ஏரி, மாரியம்மன் கோயில், சர்ச், பள்ளிக்கூடம் எல்லாம் இருக்கிற ஊர். ஒரு ஆளை நேரில் வைத்துக்கொண்டே செத்துப்போனவன் கணக்கில் எழுதுவது போல எழுதியிருந்தார்கள். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அன்று மைக் பிடித்தவர் சாமர்த்தியக்காரர். இணைப்பைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார். யாரும் வாயைத் திறக்காததைப் பார்த்ததும் பேச்சை மாற்றினார். "சரி, வீட்டுக்கு வீடு குடிநீர்க் குழாய் வேணும்ங்கறவங்கல்லாம் கை தூக்குங்க" என்றார். தண்ணீர் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? மொத்தக் கூட்டமும் கை தூக்கியது. முன் வரிசையில் அக்காதான் முதலில் தூக்கினார். பக்கவாட்டில் ஒருவர் போட்டோ எடுத்ததை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

மறுநாள் மதியம் கம்பெனி கேன்டீனில் ஷமீம் அக்காவின் போனுக்கு அந்தப் படம் வந்தது. 'நகராட்சியுடன் இணைய கிராம மக்கள் ஏகோபித்த ஆதரவு' என்று கீழே எழுதியிருந்தது. முன் வரிசையில், தூக்கிய கையோடு, எங்கள் அக்கா. ஜில்லா முழுக்க ஒவ்வொரு வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றியது. எழுதிக் கொடுத்தது யார் என்று கேட்டால், அவர் இவரைக் காட்டினார், இவர் அவரைக் காட்டினார்.

அக்கா அன்று டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை என்று ஷமீம் அக்கா சொன்னார். பஸ்ஸில் இருந்து இறங்கியதும் வீட்டுக்குக்கூட வராமல் தெருத் தெருவாகப் போனார். "தண்ணிக்குத் தூக்குன கைய, ஊர எடுத்துக்கோன்னு தூக்குன மாதிரி போட்டுட்டானுங்க" என்று வாசலுக்கு வாசல் நின்று சொன்னார். அக்கா கெட்ட வார்த்தை பேசி நான் கேட்டது அன்று ஒருநாள்தான். அதை இங்கே அச்சிட முடியாது. ஆனால் அத்தனையும் நியாயமான வார்த்தைகள்.

எங்கள் தலைவர் மறுபடி ஒரு கிராம சபையைக் கூட்டக் கேட்டு வாங்குவதற்குள் அக்காவின் உடம்பில் கேன்சர் இருப்பது தெரிந்துவிட்டது. வேலூருக்குப் போய் மருந்து ஏற்றிக்கொண்டு வருவார். தலைமுடி கொட்டியது. வாந்தி நிற்காது. அந்த நிலையிலும் படுத்துக்கொண்டே, பார்க்க வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரே பாடம் சொன்னார். "எது கேட்டாலும் கை தூக்காதீங்க. தண்ணி வேணுமான்னு கேட்டாலும் தூக்காதீங்க. சாமி வேணுமான்னு கேட்டாலும் தூக்காதீங்க. சொல்றத வாயால சொல்லுங்க."

கூட்டத்துக்கு அக்காவை ஆட்டோவில் கொண்டுபோனோம். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அதே ஆள் மைக் பிடித்தார். தெருவிளக்கு வேண்டுமா என்றார், சாலை வேண்டுமா என்றார், குழாய் வேண்டுமா என்றார். எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தலை அரித்தும் சொறிந்துகொள்ளாமல் ஒரு பெரியவர் நெளிந்ததை நானே பார்த்தேன். போட்டோக்காரர் கேமராவைத் தூக்குவதும் இறக்குவதுமாக இருந்தார்.

"இன்னாங்க இது, இந்த ஊர்ல யாருக்குமே தண்ணி வேணாமா?" என்று மைக் பிடித்தவர் சலித்துக்கொண்டார்.

"வேணும் சார்" என்றார் அக்கா. எழுந்திருக்க முடியவில்லை, உட்கார்ந்தபடியே பேசினார். "எங்க தண்ணி எங்களுக்கு வேணும். எங்க ஊரு எங்களுக்கு வேணும். அத எழுதிக்கோங்க. படம் வேணும்னா இப்ப எடுத்துக்கோங்க, கையக் கட்டிக்கினுதான் இருக்கோம்."

இணைப்பு வேண்டாம் என்று ஒவ்வொருவராக எழுந்து வாயால் சொன்னார்கள். தீர்மானம் நிறைவேறியது. மேலே அனுப்பினோம். பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். இன்றும் பரிசீலனையில்தான் இருக்கிறது. நடுவில் ஏரிக்கு மேற்கே குப்பை லாரி மட்டும் பரிசீலனை எதுவும் இல்லாமல் வந்துவிட்டது. பெண்கள் போய் வழியில் உட்கார்ந்து திருப்பி அனுப்பினார்கள்.

கடைசி நாட்களில் அக்கா யாரையும் அடையாளம் காணச் சிரமப்பட்டார். ஆனால் யார் உள்ளே வந்தாலும், "இன்னா சொன்னாங்க? பதில் வந்துச்சா?" என்று கேட்பார். உடம்பைக் கேட்டு வந்தவர்கள் விழிப்பார்கள். ஒருமுறை அவர் மகள், பாவம், அம்மா நிம்மதியாக இருக்கட்டும் என்று, "வந்துடுச்சும்மா, நம்ம ஊரு நம்மளுக்குத்தான்" என்று சொல்லிவிட்டாள். அக்கா நம்பவில்லை. "பொய் சொல்லாத. வந்தா தெருவே சத்தம் போடும்" என்றார். ஒரு பதில் கிடைக்காமலே என் அக்கா போய்விட்டார். அவரைக் கொன்றது நோய்தான். ஆனால் சாகிறவரை அவரைக் காக்கவைத்தவர்களை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதும் இல்லை.

உடலை எடுக்கும் அன்று, அந்த நகராட்சியின் நகரமன்றத் தலைவர் காரில் வந்தார். பெரிய மாலை. கூடவே போட்டோவுக்கு ஆள். மாலை வைத்துவிட்டு, யாரும் கேட்காமலே மைக்கை வாங்கி, "எங்கள் நகரத்தின் வீரப் புதல்வியை இழந்துவிட்டோம்" என்று ஆரம்பித்தார். உயிரோடு இருந்தபோது ஜன்னலுக்கு வெளியே நிற்கவைத்தவர்கள், செத்த பிறகு புதல்வி ஆக்கிக்கொண்டார்கள். ஷமீம் அக்காதான் கிட்டப் போய்ப் பதமாகச் சொன்னார்: "சார், இவங்க இந்த ஊரு. நீங்க விருந்தாளி. மாலை போட்டுட்டீங்க, ஒரு டீ குடிச்சிட்டு போய்ட்டு வாங்க." அவர் மைக்கை வைத்துவிட்டார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய இருக்கிறார்கள். வேலூரில் அக்காவைத் தூக்கி உட்காரவைத்த நர்ஸ் அம்மாக்களுக்கும், கூப்பிட்டபோதெல்லாம் ஓடிவந்த ஆட்டோத் தம்பிக்கும், லீவு போட்டு மாறி மாறிக் கூட இருந்த லைன் பெண்களுக்கும், இரவு பகலாகக் கஞ்சி அனுப்பிய ஷமீம் அக்கா வீட்டாருக்கும், சர்ச் வாசலில் பந்தல் போட இடம் கொடுத்த போதகர் ஐயருக்கும், பறை அடித்த அண்ணன்களுக்கும், பஞ்சாயத்துத் தலைவருக்கும், கருத்து மாறாத எங்கள் மாமாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

ஒரு செய்தி பாக்கி. இன்று நடக்கும் படத்திறப்புக்கு, அக்காவின் படத்தைத் தானே திறந்துவைப்பதாக நகரமன்றத் தலைவர் ஆள் அனுப்பியிருந்தார். நாங்கள் மரியாதையாகவே பதில் சொல்லி அனுப்பினோம். இந்த ஊர் தனியாகவே இருக்கட்டும் என்று அவர் தம் நகரமன்றத்தில் ஒரே ஒரு வரி பேசிவிட்டு வரட்டும், முன் வரிசையில் நாற்காலி போட்டு வைக்கிறோம், படத்தை அவர் கையாலேயே திறக்கட்டும் என்றோம். இந்த மலர் அச்சுக்குப் போகும்வரை பதில் இல்லை. நாற்காலி போட்டிருக்கிறோம். இதை வாசிக்கும்போது தலையைத் தூக்கிப் பாருங்கள். அது காலியாக இருந்தால், பஸ்ஸில் வந்த பெண்களில் யாராவது ஒருவர் எழுந்து போய் என் அக்காவின் படத்தைத் திறந்துவிடுங்கள்.