வண்டித் தகட்டின் கனம்

அப்பா இருந்தார். அம்மா இருந்தாள். அம்மாவின் தம்பி, என் மாமா இருந்தார். நான் இருந்தேன், வயசு ஒன்பது. ஞாயிற்றுக்கிழமை, வேறு ஆள் இல்லை. தாம்பரத்தில் மீட்டர் கேஜ் ரயில் நின்ற வருஷம்.

பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்தில் பழைய இரும்பு உடைக்கிற இடம். அப்பாவுக்கு அங்கே கேஸ் நெருப்பால் இரும்பை அறுக்கிற கட்டர் வேலை. மிலிட்டரியில் கழித்துவிட்ட வண்டி ஒன்று உடைக்க வந்திருந்தது. மாமா மிலிட்டரியில் ஓட்டுவதும் அதே மாதிரி வண்டிதான். லீவு முடிந்து அன்று சாயந்திரம் அவருக்கு ரயில். அதற்குள் அந்த வண்டியைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அம்மா வந்தாள்.

வண்டியின் மூஞ்சி சரிவாக இருந்தது. பெரிய சக்கரம் நாலு. வயிற்றுக்கடியில் குட்டிச் சக்கரம் இன்னும் நாலு. பள்ளம் வந்தால் அதை இறக்கிவிட்டுத் தாண்டுமாம். பின்னால் படகுக்கு இருப்பது போல ஒரு விசிறி.

"தண்ணியில நீந்தும்க்கா" என்றார் மாமா.

"நீந்தறதுக்கு நம்ம கோவளத்துல படகு இல்லியா? அதுக்கு இன்னாத்துக்கு அவ்ளோ தூரம் போற?"

மாமா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

"இத்த வச்சிகினு இன்னாடா செய்வ?"

"முன்னாடி போயி, எதிரி எங்க கீறான்னு பாத்துட்டு வரணும்க்கா."

"எல்லாருக்கும் முன்னாடியா?"

மாமா டயரைக் காலால் தட்டினார்.

அம்மா பக்கத் தகட்டைத் தடவிப் பார்த்தாள். அப்பாவிடம் திரும்பினாள்.

"இதுல ஒரு ஓட்டை போடுய்யா. தகரமா இருந்தா இவன் ரயிலு ஏற மாட்டான்."

"ஏறலன்னா வூட்டுக்கு வந்து புடிச்சிகினு போவாங்கக்கா."

அம்மா மாமாவைப் பார்க்கவே இல்லை.

நெருப்பு இரும்பைத் துளைக்கிற நேரத்தை எண்ணினால் கனம் தெரிந்துவிடும். கட்டர் பெண்டாட்டிக்கு அது தெரியும்.

அப்பா பற்ற வைத்தார். அம்மா பொறிக்குப் பயந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு எண்ணத் தொடங்கினாள். அப்பா குமிழைத் திருகினார். நெருப்பு சிறுத்தது. கேஸ் தீர்ந்துபோச்சு என்று சொல்ல வாயெடுத்தேன். மாமா என் தோளைப் பிடித்து அழுத்தினார். வலித்தது.

அம்மா நூறைத் தாண்டினாள். நூற்றுப் பன்னிரண்டில் நெருப்பு உள்ளே இறங்கியது.

"நல்ல கனந்தான்" என்றாள். மாமாவின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "போய்ட்டு வாடா."

மாமா அப்பாவின் கையைப் பிடித்தார். "வரேன் மாமா" என்றார். கையை உடனே விடவில்லை.

அம்மாவும் மாமாவும் தாம்பரத்துக்குப் பஸ் ஏறப் போனார்கள்.

அப்பா கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்தார். சிலிண்டர் மாற்றவில்லை. பற்றவைத்து, குமிழை முழுசாகத் திறந்து, அந்த ஓட்டைக்குப் பக்கத்திலேயே நெருப்பை வைத்தார். தீர்ந்த கேஸ் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை. அம்மா மாதிரியே எண்ணினேன்.

எட்டு.