ஒரே வாசல் உள்ள இடங்கள்

கிட்வாய் நகரில் என் தங்கையின் மாடிவீட்டுக்காரர் வெயிலிலும் மஃப்ளர் சுற்றியிருப்பார். எங்களுக்கு டெல்லி சுற்றிக்காட்டத் திட்டம் போட்டவர் அவர்தான். ஒரே வாசல் உள்ள இடங்களை மட்டுமே சேர்ப்பார்.

"இந்தியா கேட் வேண்டாம்மா. நாலு பக்கமும் திறந்து கிடக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது.

செங்கோட்டைக்குள் என் மகளைக் காணவில்லை. அழுதுகொண்டே தேடி ஓடப்போன என்னை அவர் வாசலுக்கு அழைத்துவந்து நிறுத்தினார்.

"உள்ளே போனவங்க இப்படித்தாம்மா வெளியே வரணும்."

"உங்க குழந்தைன்னா இப்படி நிப்பீங்களா?"

"நிக்கறதுக்குத்தானே இந்த இடத்தையே எடுத்தேன்!"

கொஞ்ச நேரத்தில் கூட்டத்தோடு அவள் வந்தாள். "எங்கேம்மா போயிட்டே?" என்று என்னையே அதட்டினாள்.

நான் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவரோ நிதானமாகக் குனிந்து அவளிடம் சொன்னார்:

"அம்மா கையை விட்டுடாதே பாப்பா. இன்னும் குதுப் மினார் பாக்கி இருக்கு."