பிலோமினா வாய் தவறிச் சொன்ன வசனம்

நேப்பிள்ஸின் வடக்குக் குடியிருப்பில், நாலாம் கட்டடத்துப் படிகளைக் கழுவிக் கழுவியே பிலோமினாவுக்கு ஐம்பத்திரண்டு வயதாகிவிட்டது. ஏழு மாடி. லிஃப்ட் ஓடி ஒன்பது வருஷம். அதன் குழிக்குள்தான் அந்தப் பேட்டையின் தாதா சவேரியோவின் ஆட்கள் போதைப் பொட்டலங்களைப் பதுக்குவார்கள். பார்த்தும் பாராதவளாக இருந்ததால்தான் அவள் தலை கழுத்தில் நின்றது.

அங்கே வந்து சேர்ந்தார் மிலானிலிருந்து ஒரு சினிமா இயக்குநர். போதைத் தொழிலை உள்ளது உள்ளபடி காட்டப்போகிறாராம். நடிகர்களே வேண்டாம், இந்த ஜனங்களே போதுமாம். மகனைப் போலீஸ் இழுத்துப்போகும்போது கத்துகிற தாய் வேடம் பிலோமினாவுக்கு. எட்டு முறை கத்தியும் மனுஷனுக்குத் திருப்தியில்லை.

"பேப்பர்ல இருக்கறத விடுங்கம்மா. வாய்க்கு வந்தத கத்துங்க!"

கத்தினாள். "எம்புள்ளய ஏன்டா இழுக்கறீங்க? தைரியம் இருந்தா, ஓடாத லிஃப்டுக்கு அடியில போய்ப் பாருங்கடா!"

சொன்ன மாத்திரத்தில் சுற்றுமுற்றும் பார்த்தாள். நல்லவேளை, பக்கத்தில் சவேரியோவின் ஆள் எவனுமில்லை. இயக்குநரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள்.

"ஐயா, அத வெட்டிருங்க. என்னை உயிரோட விடமாட்டாங்க."

"வெட்டறதா? படத்தோட உசுரே அதுதான்மா! வீணா பயப்படாதீங்க."

அன்றிலிருந்து பின்னால் காலடி கேட்டால் வாளியைப் போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொள்வாள். ஏழு மாதம் இப்படியே போயிற்று.

ஒரு ஞாயிறு மதியம், மாதா கோவில் கூடத்தில் குடியிருப்பு ஜனங்களுக்குப் படம் போட்டார்கள். முதல் வரிசையில் சவேரியோ. அந்த வசனம் வந்தபோது கூடத்தில் ஒரு இருமல்கூட இல்லை. படம் முடிந்ததும் அவன் நேரே அவளிடம் வந்தான்.

"நல்லாத்தான் கத்தறக்கா. அந்த லிஃப்ட் வசனம் யாரு எழுதுனது?"

"அந்த ஐயாதான் தம்பி. அவரு எழுதிக்குடுத்தத ஒப்பிச்சேன். எனக்கென்ன தெரியும்?"

சவேரியோ சிரித்து அவள் கன்னத்தைத் தட்டினான். அப்பாடா என்று மூச்சு விட்டாள், பாவம்.

அந்த நேரம் பார்த்துத்தானா வரவேண்டும் அந்தப் புண்ணியவான்! அவள் தோளில் கைபோட்டு, கூடத்துக்கே கேட்கும்படி சொன்னார்.

"அந்த லிஃப்ட் வசனம் நான் எழுதுனதுன்னு யாரும் நெனச்சுடாதீங்க! ஒரு எழுத்துகூட என்னுது இல்ல. எல்லாம் இந்தம்மா தானா சொன்னது!"

கூடம் கைதட்டியது. சவேரியோவும் தட்டினான், மற்றவர்கள் நிறுத்திய பிறகும்.

"கோட்ட மாட்டிக்கக்கா," என்றான். "நானே வீட்டுல கொண்டு விடறேன்."

கோட்டை மாட்டிக்கொண்டு அவன் காரில் ஏறினாள். இயக்குநர் வாசல்வரை வந்து, கார் திரும்பும்வரை சந்தோஷமாகக் கையாட்டி வழியனுப்பினார்.