துரையின் ஜீப்புக்குப் போன கம்பி

தொழிலாளர் வண்டிக்கென்று வாங்கிய ஸ்டீரிங் கம்பியைத் துரையின் ஜீப்பில் பூட்டச் சொன்னவன் நான். எழுபதுகளின் கடைசியில், ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஆபீசில் பெரிய கிராணியாக, தலைமைக் கணக்கனாக இருந்தேன். யாரும் என்னை மிரட்டவில்லை. தோட்ட மேனேஜரான துரை கேட்கக்கூட இல்லை. தன் ஜீப்பின் ஸ்டீரிங் கையைக் குலுக்குகிறது என்று ஒருநாள் முகம் சுளித்தார், அவ்வளவுதான்.

முன்சக்கரங்கள் இரண்டையும் சேர்த்துத் திருப்புவது அந்தக் கம்பி. கொழுந்தெடுக்கும் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப்பில் அது கல்லில் மோதி மோதி வளைந்திருந்தது. முனை மூட்டுகளும் தேய்ந்துபோயிருந்தன. டிரைவர் மாதக்கணக்கில் கத்திய பிறகே ஈப்போவிலிருந்து தடித்த கம்பியும் புது மூட்டுகளும் வந்தன. அவற்றைத் துரைக்குக் கொடுத்துவிட்டு, வளைந்த கம்பியைச் சூடுகாட்டி நிமிர்த்தி, இரும்புப் பட்டை வைத்துப் பற்றவைத்து, பழைய வண்டியிலேயே மாட்டச் சொன்னேன். தேய்ந்த மூட்டுகளை அப்படியே விட்டோம்.

டிரைவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்னா கிராணியாரே, துரை தார் ரோட்டுல கிளப்புக்குப் போறாரு, அவருக்குப் புதுக் கம்பி. நாங்க பள்ளத்துல எறங்குறோம், எங்களுக்கு ஒட்டுப்போட்ட கம்பியா? நல்லாருக்குலா உங்க நியாயம்!"

"ஓட்டத் தெரிஞ்சவனுக்கு இது போதும்" என்றேன். அதை நினைத்தால் இன்றும் என்னையே அறையத் தோன்றுகிறது.

மழைக்காலத்தில் ஒரு வளைவில் மூட்டு கழன்று வண்டி சரிவில் கவிழ்ந்தது. யாரும் சாகவில்லை. ஒரு பெண்ணின் வலது முழங்கை நொறுங்கியது. மறுநாள் காலை, வேலை பிரித்துக்கொடுக்க எல்லாரையும் நிறுத்தும் பெரட்டில், டிரைவர் குடித்திருந்தார் என்று சொல்லித் துரை அவரை வேலையிலிருந்து நீக்கினார். வேலை போனால் தோட்டம் கொடுத்த லைன் வீடும் போய்விடும். யார் அவர் வாயை முகர்ந்து பார்த்தார்கள்? எந்த டாக்டர் சோதித்தார்? கூலிக்காரன் ஓட்டினான், கவிழ்ந்தது, ஆகவே குடித்திருப்பான். அதற்குப் பெயர் விசாரணை! மூட்டு கழன்று கிடந்ததை என் கண்ணால் பார்த்திருந்த நானோ, துரைக்குப் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

மறு வருடம், காய்கறித் தோட்டங்கள் இருக்கும் திரிங்காப்பில் டிரைவரைத் தேடிப் போனேன். லாரியில் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லி, துரையிடம் ஒப்புக்கொள்கிறேன் என்றேன்.

"துரைக்கு எல்லாம் தெரியும்லா. ரூமுக்குள்ள போயி காதுல ஓதாதீங்க. என்னைக் குடிகாரன்னு பெரட்டுலதான சொன்னாங்க? அங்க நின்னு சொல்லுங்க, பாப்போம்."

மறுநாள் காலை பெரட்டில், துரை இருக்கும்போதே சொன்னேன். கம்பியை மாற்றியது, மூட்டு கழன்றது, நான் பேசாமல் இருந்தது, எல்லாவற்றையும். உடம்பு சரியில்லையென்றால் வீட்டுக்குப் போ என்றார் துரை, ஆங்கிலத்தில். கங்காணி தலையைக் குனிந்துகொண்டார். கை மடங்காமல் களைபிடுங்கும் வேலைக்குத் தள்ளப்பட்ட அந்தப் பெண் மட்டும் கேட்டார்:

"அவரு குடிகாரன் இல்லன்னு ஆயிருச்சி, சரி. என் கைய யாரு ஒடிச்சான்னு இன்னைக்குத்தான் தெரியுது. இவ்ளோ நாளா எனக்குத் தெனமும் வணக்கம் சொன்னீங்களே ஐயா, எப்படி?"

அந்தப் பெண்ணுக்கு நஷ்டஈடு கேட்டு நான் தொழிற்சங்கத்துக்கு நடந்தேன். டிரைவரின் குடியால் நடந்த விபத்து அது, விஷயம் முடிந்துவிட்டது என்றே நிர்வாகம் சாதித்தது. டிரைவரைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடவில்லை. என்னை மட்டும் இன்னொரு தோட்டத்துக்கு, அதே சம்பளத்தில், அதே பெரிய கிராணியாக மாற்றினார்கள். நானும் போனேன்.