வால் இல்லாத வெடிப்பு

முதுமாணிப் பட்டத்துக்கான என் ஆய்வறிக்கை ஒருமுறை திரும்பி வந்துவிட்டது. இன்னொரு முறை திரும்பினால் பதிவு ரத்தாகிவிடும். ஹாலிஎலவில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டே, ஐம்பதை நெருங்கும் வயதில், மறுபடி முதலிலிருந்து தொடங்க எனக்குத் தெம்பு இல்லை.

ஆய்வு ஒரேயொரு காமாக் கதிர் வெடிப்பைப் பற்றியது. விண்வெளித் தொலைநோக்கி பதிந்த தரவுகள் இணையத்தில் எவருக்கும் கிடைக்கின்றன. நொடிக்கு எத்தனை கதிர்கள் விழுந்தன என்று வரைபு போட்டால், தரையோடு ஓடும் கோடு திடீரென்று ஊசிபோல் எழுந்து விழும். என் வெடிப்பில் ஊசிக்குப் பின்னால் நீண்ட வால் ஒன்றும் தெரிந்தது. வால் உண்மையானால், அது பெரிய நட்சத்திரம் ஒன்று இடிந்து விழுந்த வெடிப்பு. ஊசி மட்டும் என்றால், செத்துப்போன இரண்டு நட்சத்திரங்கள் மோதிய வெடிப்பு. வால் உண்டு என்று எழுதியிருந்தேன். எனக்கு அந்த வாலைப் பிடித்திருந்தது.

மேற்பார்வையாளர் பண்டாரவளைக்காரர். தொலைபேசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"பின்னணியா எவ்வளவு கழிச்சீங்க, மிஸ்?"

வெடிப்பு இல்லாதபோதும் கதிர்கள் கொஞ்சம் விழுந்துகொண்டே இருக்கும், அதுதான் பின்னணி. வெடிப்புக்கு முந்தைய சராசரியை எடுத்து, கடைசிவரை அதையே கழித்ததாகச் சொன்னேன்.

"முழுசுக்கும் ஒரே அளவா? தொலைநோக்கி பூமியச் சுத்திக்கிட்டே இருக்குங்க. பின்னணி ஏறும், இறங்கும். எங்க பழகினீங்க இத?"

மடுல்சீமையில் தேயிலைக் கொழுந்து எடுக்கும் என் தங்கை அன்று வந்திருந்தாள். ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தவள் முந்திக்கொண்டாள்.

"வேற எங்க, கொழுந்து மடுவத்துலதான்! காஞ்சதுக்கும் அதே கழிவு, நனைஞ்சதுக்கும் அதே கழிவு. வானத்துக்கே கணக்கப்பிள்ளையாயிட்டியாக்கா?"

அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் தோட்டத்து மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது, சாக்குக்கும் ஈரத்துக்குமாக எல்லோருக்கும் ஒரே அளவைக் கழிப்பார்கள். அம்மாவின் சாக்கோடு அந்த வரிசையில் நின்று வளர்ந்தவள் நான். கழிவு என்றால் மாறாத ஓர் எண் என்பதை ஒருநாளும் சந்தேகித்துப் பார்த்ததில்லை.

அன்றே திரும்ப உட்கார்ந்தேன். வெடிப்புக்கு முந்திய பகுதியையும், வால் முடிந்து வெகுநேரத்துக்குப் பிந்திய பகுதியையும் எடுத்து, இரண்டையும் இணைக்கும் கோடு ஒன்றைப் பொருத்தினேன். அது ஏறிக்கொண்டே போனது. ஒவ்வொரு நொடிக்கும் அந்தக் கோடு காட்டிய அளவைக் கழித்தேன். வால் மறைந்தது. ஊசி மட்டும் நின்றது, முன்னைவிடக் கூர்மையாக.

"என்னாச்சு?" என்று தங்கை எட்டிப் பார்த்தாள்.

"வால் போயிருச்சு."

"அடிப்பாவி, இம்புட்டு நாளா அதத்தானே புடிச்சுக்கிட்டுத் திரிஞ்ச?"

வரைபை அனுப்பினேன். சற்று நேரத்தில் மேற்பார்வையாளர் அழைத்தார். "மோதல்தாங்க இது. தைரியமா எழுதுங்க."

முடிவுரை முழுவதையும் அழித்துவிட்டு, நேர்மாறாக எழுதினேன். அறிக்கை இம்முறை திரும்பி வரவில்லை.

நேற்று வேறொரு வெடிப்பின் தரவை இறக்கினேன். ஊசியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று, பின்னணியிலிருந்து தொடங்கியிருக்கிறேன். இதில் பின்னணி மெல்ல இறங்குகிறது.