ஆபீஸ் காது

இடது கையை உயர்த்துகிறாள். விரல்கள் ஒட்டியிருக்கின்றன, உள்ளங்கை தெருவைப் பார்த்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை. பேக்கரிக்காரர் பாதி தூக்கிய ஷட்டரை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கிறார். சைக்கிளில் வந்த பெண் காலை ஊன்றிக்கொள்கிறாள். நடைப்பயிற்சிக்கு வந்த இரண்டு பேர், யாருடைய டாக்டர் கெட்டிக்காரர் என்ற வாதத்தை நடுவில் விட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறார்கள். அவள் வலது காதுத் தோட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுகிறாள். ரப்பர் விரிப்பின் மேல் மண்டியிட்டு, ஒரு மீட்டர் நீள இரும்புக் கம்பியைச் சாலையில் ஊன்றுகிறாள். கம்பியின் மேல்முனையில் இருக்கும் மரக்குமிழில் காதைப் பொருத்திக் கண்ணை மூடிக்கொள்கிறாள்.

தெரு முழுதும் அந்தக் கைக்குக் கட்டுப்படுகிறது. நான்கு கட்டடம் தள்ளியிருக்கும் கார் கழுவும் முற்றத்தில் மட்டும் மோட்டார் உறுமிக்கொண்டிருக்கிறது. அது அவளுடைய தம்பியின் முற்றம்.

நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் அவளுக்கு இருபத்தெட்டு வருட சர்வீஸ். மண்ணுக்குள் எங்கே குழாய் ஒழுகுகிறது என்று கேட்டுச் சொல்வது வேலை. பதவியின் பெயர் நீளமானது. அவளே அதை முழுதாகச் சொல்லி யாரும் கேட்டதில்லை. தெருவுக்கு அவள் 'காதக்கா'. தலையில் மாட்டிக்கொள்ளும் ஒலிக்கருவி ஒன்றை அலுவலகம் கொடுத்திருக்கிறது. அதையும் பயன்படுத்துகிறாள், குறை சொல்வதில்லை. "மெஷினு எங்கன்னு சொல்லும். என்னன்னு கேக்கணும்னா கம்பியத்தான் கேக்கணும்" என்பாள்.

வலது காதை அவள் வேலைக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறாள். போன் வந்தால் இடது காதில்தான் வைப்பாள். பேருந்தில் வலது பக்கம் ஜன்னல் வரும் இருக்கையில் உட்கார மாட்டாள், நின்றுகொண்டே போவாள். ஒலிபெருக்கி இருக்கிற இடத்தில் வலது காதில் மட்டும் பஞ்சு. வீட்டு விவகாரம், அக்கம்பக்கத்துப் புகார், உறவுக்காரர்களின் புலம்பல் எல்லாம் இடது காதுக்கு. "வலது ஆபீஸ் காது. நமக்கெல்லாம் இடதுதான். அதுவும் பாதி நாள் லீவு" என்று தம்பி வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பான். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு "குறட்டை" என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடுவாள்.

முற்றத்தின் பின்பக்கம் தம்பி குடும்பத்தோடு இருக்கிறான். மேலே ஒற்றை அறையில் அவள். ஏறி இறங்க வெளிப்புறமாக ஓர் இரும்புப் படி. காலையில் புறப்படும் முன் முற்றத்துத் தளத்தில் கம்பியை ஊன்றிக் காதைச் சோதித்துப் பார்ப்பாள். கேட்ட இடத்தில் நீலச் சாக்பீஸால் ஒரு கோடு கிழிப்பாள். மாலை ஆறு மணிக்குத் தம்பி முற்றத்தை அலசிவிடும்போது அதுவும் போய்விடும். அலசாமல் அவன் ஒரு நாளும் கடையை மூடியதில்லை. தளம் நடுவில் சற்று உள்வாங்கியிருக்கிறது. ஓரத்தில் வடிகால் துளை இருக்க, தண்ணீர் அந்தப் பள்ளத்தைத் தேடித்தான் போகும். தினமும் திட்டிக்கொண்டே துடைப்பத்தால் தள்ளுவான். முற்றத்தின் முன்பாதி நகராட்சி நிலம், குத்தகைக்கு எடுத்திருக்கிறான். பள்ளம் அந்தப் பாதியில்தான் இருக்கிறது.

இந்தப் பகுதிக்கு அடியில் ஓர் ஓடை ஓடுகிறது. ரயில்வே யார்டுக்குப் பின்னால் கொஞ்ச தூரம் வெளிச்சத்தில் வந்து, செங்கல் வளைவு ஒன்றுக்குள் நுழைந்து காணாமல் போகிறது. இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஆற்றங்கரைச் சுவரில் ஒரு ஓட்டை வழியாக வெளியே வருகிறது. நடுவில் எப்படிப் போகிறது என்பது யாருக்கும் தெரியாது. அறுபது வருடத்துக்கு முன்பு மூடியவர்கள் மேலே மண்ணைக் கொட்டித் தெருக்களைப் போட்டார்கள், காகிதங்களைத் தொலைத்தார்கள். அதை மறுபடி திறந்துவிட வேண்டும் என்று ஒரு பூகோள வாத்தியார் கிளம்ப, மருந்துக்கடை அம்மாள், பேக்கரிக்காரர் என்று இருபது பேர் அவர் பின்னால் சேர்ந்தார்கள். ஒரு நாள் யார்டுப் பக்கம் பச்சைச் சாயத்தைக் கரைத்து ஊற்றிவிட்டு ஆற்றங்கரையில் போய்க் காத்திருந்தார்கள். ஐம்பதாவது நிமிடம் ஓட்டையில் பச்சை வந்தது. வாத்தியார் அழுதுவிட்டார் என்று பேக்கரிக்காரர் சொல்கிறார். கண்ணில் சாயம் பட்டது என்கிறார் வாத்தியார்.

நகராட்சி ஒரே ஒரு சோதனைக் குழிக்கு அனுமதி கொடுத்தது. தெருவுக்குப் புதிதாகத் தார் போட வேண்டிய மாதம் இது. குழியில் ஓடை தென்பட்டால் தார் நிற்கும், ஓடையைத் திறக்கும் திட்டம் மேசைக்கு வரும், அதன் மேல் இருக்கும் நகராட்சி நிலத்தின் குத்தகைகள் ரத்தாகும். தென்படாவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள். இடத்தைக் காதக்கா குறித்துக் கொடுக்க வேண்டும். குறி இல்லையென்றால் வாத்தியார் எங்கிருந்தோ தேடிப் பிடித்த பழைய வரைபடம் காட்டும் இடத்தில் தோண்டிவிட்டுப் போவார்கள். அந்த வரைபடத்தில் ஓடை சிறுவர் பூங்காவின் குறுக்கே போகிறது. எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. பூங்காவில் யாருடைய பிழைப்பும் இல்லை.

ஒன்பது ஞாயிற்றுக்கிழமை அவள் பூங்காவிலும் அதை ஒட்டிய தெருவிலும் கேட்டாள்.

"இங்க சத்தமே இல்ல சார்."

"மேப்புல இருக்கேக்கா."

"மேப்புல இருக்கு. மண்ணுல இல்ல."

காதால் கேட்டதை வாயால் மாற்றாதவள் என்று அவளுக்கு ஒரு பெயர் உண்டு. பெரிய அளவில் அது சரிதான். ஆனால் அவள் சொல்லாமல் வைத்திருந்தது ஒன்று இருந்தது.

பதினோரு வருடத்துக்கு முன்பு தம்பி அந்த முற்றத்தை எடுத்தபோது நடுவில் மண் எப்போதும் ஈரமாக இருந்தது. அவள் கம்பியை வைத்துக் கேட்டாள். அடியில் தண்ணீர் ஓடியது. அலுவலகப் படிவத்தில் நான்கு கட்டங்கள்தான் இருந்தன: பெருங்குழாய், கிளைக்குழாய், வீட்டு இணைப்பு, கழிவுநீர். ஓடைக்குக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாத ஒன்று காதில் விழுந்தாலும் மனசு அதை இருக்கிற கட்டத்தில்தான் கொண்டுபோய் வைக்கும். 'வீட்டு இணைப்பு' என்று குறி போட்டாள். இப்படிப்பட்ட இடத்தில் தெருவின் வால்வை மூடிவிட்டு ஒரு தடவை கேட்டுப் பார்ப்பது வழக்கம். அவள் மூடவில்லை, அவ்வளவு நிச்சயமாக இருந்தாள். ஆட்கள் வந்து இணைப்பை மாற்றினார்கள். அது கோடைக்காலம். பத்து நாளில் மண் காய்ந்துவிட்டது. "சரியாயிடுச்சு, தைரியமா தளம் போடு" என்று சொன்னாள். போட்டான். அந்தத் தளத்தில்தான் அவன் குடும்பம் நிற்கிறது.

மூன்று வாரத்துக்கு முன்பு இரண்டு நாள் விடாமல் மழை பெய்தது. காலையில் வழக்கம்போலக் கம்பியை ஊன்றினாள். தெருக்குழாயின் ஓட்டம் என்று இத்தனை வருடமும் அவள் எடுத்துக்கொண்டிருந்த சத்தம் இரண்டு மடங்காக இருந்தது. மழை விட்ட நான்காம் நாள் மெலிந்துபோனது. குழாய்த் தண்ணீருக்கு மழையும் வெயிலும் ஒன்று. அன்று மதியம் வால்வுக்காரரிடம், "இருபது நிமிஷம் மூடுங்க, செக்கிங்" என்றாள். தெருவில் எல்லாக் குழாயும் வாயடைத்துப்போனது. தளத்துக்கு அடியில் மட்டும் பேச்சு நிற்கவில்லை. இருபது நிமிடமும் மண்டியிட்டபடி கேட்டுவிட்டு எழுந்தாள். "மறுபடியும் கசியுதாக்கா?" என்று தம்பி கேட்டான். "இல்ல" என்றாள். அது பொய் இல்லை.

கடைசி ஞாயிறு. திங்கள் காலை ஆறு மணிக்குத் தோண்டுபவர்கள் வருவதாக ஏற்பாடு. இருபது பேரும் பூங்காவில் கூடியிருந்தார்கள்.

"ஒரு புள்ளி வெச்சுடுங்கக்கா. ஓரளவுக்குச் சரியா இருந்தாப் போதும்" என்றார் வாத்தியார்.

"ஓரளவுக்குன்னா தண்ணியும் ஓரளவுக்குத்தான் வரும் சார்."

மருந்துக்கடை அம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. "ஒம்பது வாரமாக் காத வெச்சுக் கேக்குறீங்க. ஒண்ணுமேவா சொல்லல அது?"

"சொல்லுச்சும்மா. நாந்தான் உங்ககிட்ட சொல்லல."

கம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தாள். கூட்டம் பின்னால் போனது. தம்பி ஒரு சிவப்புக் காருக்கு நுரை பூசிக்கொண்டிருந்தான். அவள் பள்ளத்தின் ஓரத்தில் நின்று இடது கையை உயர்த்தினாள். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் கூப்பிடவும் இல்லை, கையை இறக்கவும் இல்லை. ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அவன் காலால் ஸ்விட்சைத் தட்டினான்.

"என்னக்கா, ஊர்வலமா?"

"தளத்துக்கு அடியில ஓடை போகுதுடா."

"தளத்துக்கு அடியில கசிவு. நீதான் சொன்ன. சரியாயிடுச்சுன்னும் நீதான் சொன்ன."

"தப்பாச் சொன்னேன்."

கூட்டத்தில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை.

"எத்தன நாளாத் தெரியும்?"

"மூணு வாரமா."

"மூணு வாரமா இந்தப் படியில என்னத் தாண்டித்தான போயிட்டு வர்ற?" ஸ்பாஞ்சை வாளியில் போட்டான். "பார்க்குல ஒரு கோட்டக் கிழிச்சுட்டுப் போயேன். தோண்டட்டும். இல்லன்னு போகட்டும். யாருக்கு என்ன குறைஞ்சுபோச்சு?"

"தம்பி, வேற இடம் ஏதாவது நகராட்சில கேட்டு..." என்று வாத்தியார் ஆரம்பித்தார்.

"சார், நீங்க பேசாதீங்க. உங்க வீடு மூணாவது மாடி."

வாத்தியார் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார். ஒன்றரை வருடமாக இந்த ஓடைக்காக அலைந்தவர். அது கிடைத்த நிமிடத்தில் எங்கே பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"அது பாட்டுக்கு இங்கதான்டா போயிட்டிருந்துச்சு. நாந்தான் இல்லன்னு எழுதிட்டேன்" என்றாள் அவள். குரலில் வழக்கத்தை மீறி ஒன்றும் இல்லை.

அவன் காரைச் சுற்றிக்கொண்டு அவளுடைய வலது பக்கம் வந்து நின்றான். "ஆபீஸ் காதுல சொல்றேன், கேட்டுக்க. நாளைக்கு இங்க தண்ணி வரலன்னா என் மூஞ்சியில முழிக்காத. வந்துச்சுன்னா..." முடிக்காமலே உள்ளே போய்விட்டான். காரில் பூசிய நுரை அப்படியே காய்ந்துகொண்டிருந்தது.

தோட்டைக் கழற்றினாள். விரிப்பைப் போட்டு மண்டியிட்டாள். நான்கு நிமிடம் கேட்டாள். தெரிந்ததைத்தான் கேட்டாள், ஆனாலும் ஒரு நொடி குறைக்கவில்லை. பள்ளத்தின் நடுவில் நீலச் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் ஆழம், '2 மீ'.

"சாக்பீஸாக்கா? சாயங்காலம் அலசிடுவாரே. பெயின்ட் வாங்கிட்டு வரட்டுமா?" என்று வாத்தியார் காதோடு கேட்டார். இடது காதுதான்.

"வேணாம் சார். அழிக்கணும்னா அழிச்சுக்கட்டும்."

"காலையில நீங்க வந்து மறுபடி..."

"எனக்கு அஞ்சு மணிக்கு பம்பிங் ஸ்டேஷன்ல டூட்டி."

மாலை ஆறு மணிக்கு அவள் மேல்படியில் உட்கார்ந்திருந்தாள். தோடு இன்னும் சட்டைப் பையிலேயே இருந்தது. தம்பி ஹோஸை இழுத்துக்கொண்டு வந்தான். மேலே பார்க்கவில்லை. வழக்கம்போலப் பின்சுவரிலிருந்து ஆரம்பித்தான். மூலைகள், மோட்டார் மேடை, வாளிகள் இருந்த இடம். சிவப்புக் கார் நின்ற இடத்தில் நுரைத் தடம் கொஞ்சம் பிடிவாதம் பிடித்தது. அதையும் விடாமல் அலசினான். முன்பாதிக்கு வந்து, குறிக்கு ஒரு கை தூரத்தில் ஹோஸின் வாயைக் கீழே திருப்பினான். பிறகு குழாயை மூடினான்.

ஆனால் தளத்தில் இருந்த தண்ணீர் நிற்கவில்லை. எப்போதும் போலப் பள்ளத்தைத் தேடி நகர்ந்தது. அவன் துடைப்பத்தை எடுத்தான், தள்ளினான்; ஒரு பக்கம் தள்ளினால் மறுபக்கம் வந்தது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தான். கார் துடைக்கும் மஞ்சள் துணியை இடுப்பிலிருந்து உருவி, பிழிந்து முறுக்கி, குறிக்கு மேட்டுப்பக்கம் வளைத்துக் கரைபோல வைத்தான். தண்ணீர் துணியில் முட்டி நின்றது. துணி நீளம் போதவில்லை. விட்டுப்போன பக்கம் ஒரு சின்ன ஓட்டம் திரும்பி, நீலக் கோட்டின் ஒரு காலை நோக்கி வந்தது. அவன் சட்டைப் பொத்தானில் கை வைத்தபடி வேறு ஏதாவது கிடைக்குமா என்று சுற்றிலும் பார்த்தான்.

அவள் படியில் இறங்கி வந்து, தோள் பையிலிருந்து ரப்பர் விரிப்பை எடுத்து நீளவாக்கில் மடித்து, துணி முடிந்த இடத்தில் வைத்துக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.