மலாவிக்காரரின் புதுச் சட்டை

நான் மலாவி நாட்டில் மிஷனரி. விடுமுறையில், அந்த மக்களுக்குப் பழைய துணி கேட்டுத் தென்காசி சபையில் பேச வந்தேன். உடன்வந்த மலாவி ஊழியர் யோசுவாவை முதலில் குற்றாலத்தில் குளிக்கக் கூட்டிப்போனேன்.

"மாற்றுத்துணி வைத்த பையில் சிப்ஸையும் வைக்கிறீர்களே, குரங்கு வராதா?" என்றார் அவர்.

"எங்கள் ஊர்க் குரங்கை எனக்குத் தெரியாதா?" என்றேன்.

குளித்துவிட்டு வந்தால், பை மரத்து உச்சியில், குரங்கின் கையில்! ஈரத்துண்டோடு நின்ற எனக்கு யோசுவா தன் பையிலிருந்து பூப்போட்ட சட்டையும் பேண்ட்டும் கொடுத்தார். அவர் ஆறரை அடி உயரம். சட்டை என் முழங்காலைத் தொட்டது.

சபை வாசலில் ஒரு அக்கா ஏற இறங்கப் பார்த்தார். "ஏன் தம்பி, நீங்க கேக்க வந்த துணி அவங்களுக்கா, ஒங்களுக்கா?"

சிரிப்புக்கு நடுவே மேடையேறினேன். பழைய துணி கேட்க வாய் வரவில்லை. யோசுவா எனக்குக் கொடுத்தது, தான் அன்று மேடையில் உடுத்த வைத்திருந்த புதுத்துணி.